அண்டாவோடு கரண்டியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

நிரலை எழுதி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், சென்ற மார்கழி வரை.

என் தாய்மாமன் எங்கள் ஊரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டாவும் நாற்காலியும் ஜமுக்காளமும் அவர் கடையிலிருந்துதான் போகும். போனவை எல்லாம் திரும்பி வருவதில்லை என்பதுதான் தொல்லை. முகூர்த்த நாட்களில் நோட்டில் எழுதவும் நேரம் இராது. "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறாயே மாப்ளே, தை பிறப்பதற்குள் இதற்கு ஒரு வழி செய்யேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் விடுதிக் கட்டணத்தில் பாதி அவர் கொடுத்தது. மறுக்க முடியுமா?

இருபது நாள் உட்கார்ந்து ஜாவா மொழியில் எழுதினேன். நண்பனின் மடிக்கணினியில் அழகாக ஓடியது. ஜார் கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பெருமையோடு கடைக்குப் போனேன். மாமா, அத்தை, கடைப் பையன்கள் இருவர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கோப்பை இருமுறை சொடுக்கினேன். நிரல் திறக்கவில்லை. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் மென்பொருள் ஒன்று திறந்துகொண்டு, உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டியது. கடைக் கணினியில் ஜாவாவே இல்லை!

மாமா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பரவாயில்லை மாப்ளே, அண்டாவை அனுப்பிவிட்டுக் கரண்டியை மறந்த கதைதான். நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அந்தச் சமாதானம் உதவாது" என்று சொல்லிவிட்டுப் பழைய நோட்டைத் திறந்துகொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து ஜாவா வெளிவந்தபோது, 'ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும்' என்ற உறுதிமொழியோடு வந்தது. அது பொய்யன்று, ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. நாம் எழுதும் நிரல் கணினியின் சொந்த மொழிக்கு மாறுவதில்லை. பைட்கோடு என்னும் இடைமொழிக்கே மாறுகிறது. அதைப் படித்து நடத்தும் ஜாவா இயக்கச் சூழல் அந்தக் கணினியில் இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் பயன்படுத்துவோரே அதைத் தனியாக நிறுவிக்கொள்வார்கள். ஆரக்கிள் நிறுவனமோ 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் அதைத் தனியாகத் தருவதை நிறுத்திவிட்டது. நிரலோடு சேர்த்துக் கட்டி அனுப்புவது எழுதியவன் பொறுப்பாயிற்று.

முதலில் லாஞ்ச்-ஃபோர்-ஜே என்னும் கருவியை முயன்றேன். அது ஜார் கோப்பைச் சுற்றி விண்டோஸுக்கு உரிய ஒரு தொடக்கியைப் போர்த்துகிறது. விரும்பிய படத்தை வைக்கலாம். ஜாவா இல்லாவிட்டால் என்ன அறிவிப்பு வரவேண்டும் என்பதையும் நாமே எழுதலாம். அறிவிப்பு மரியாதையாக வந்தது, கணக்குத்தான் வரவில்லை. ஜாவாவைக் கூட வைக்காதது என் பிழை.

பிறகு ஜேபேக்கேஜைக் கண்டேன். 2020-இல் ஜாவா 14-ஆம் பதிப்பில் சோதனையாக வந்து, 2021-இல் 16-ஆம் பதிப்பில் நிலைபெற்ற கருவி இது. தொடக்கி, இயக்கச் சூழல், நிரல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது. ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் கட்டிப் பார்த்தேன். லினக்ஸுக்கான டெப் கோப்புதான் கிடைத்தது. எந்த இயங்குதளத்துக்கு வேண்டுமோ, அதன் மேலேயே கட்ட வேண்டுமாம். மீண்டும் நண்பனின் விண்டோஸ் மடிக்கணினியைக் கெஞ்சி வாங்கினேன்.

மாமா தம் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டி வைத்திருப்பார். அதுபோல் தொடக்கியில் கடையின் பெயரையும் ஓர் அண்டாப் படத்தையும் வைத்தேன். கடைக் கணினி பழையது. நிரல் தன் பொருள்களுக்கு எடுக்கும் நினைவகத்தை 256 மெகாபைட்டோடு நிறுத்தும்படி கட்டளையைத் தொடக்கியிலேயே எழுதினேன். ஒரே நிரலுக்கு இரண்டு தொடக்கிகளும் வைக்க முடிகிறது: ஒன்று மாமா சாமான் அனுப்பும்போது பதிய, மற்றொன்று திரும்பி வராதவற்றை அத்தை பார்க்க. 200 கிலோபைட்டாக இருந்த கோப்பு 40 மெகாபைட் மூட்டையாயிற்று. அடுப்பையும் சேர்த்து அனுப்பினால் வண்டி கனக்கத்தானே செய்யும்!

தை மாத முதல் முகூர்த்தம் முடிந்த மாலை, யாரும் சொல்லாமலே அத்தை அண்டாப் படத்தைச் சொடுக்கினார். "கரண்டி நாலு வரவில்லையே" என்றார். எனக்கு அது போதும். மாமா மட்டும் இன்னும் நோட்டிலும் எழுதுகிறார். ஒருமுறை ஏமாற்றியவனை உடனே நம்பிவிட முடியுமா? அடுத்த தைக்குள் அந்த நோட்டை மூடவைப்பதே என் ஆசை.

நண்பர்களே! நம் திரையில் விடை வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக் கிடைக்கிறது. யார் வீட்டில், யார் கையால் அது திறக்கப்படும் என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர் கேட்பார். அவர் கேட்பதற்குமுன் நாமே ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்: அண்டாவோடு கரண்டியும் போயிற்றா?