எடை குறைந்த புடவை

நெய்த புடவையை முதலாளி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. 1993-இல் ஒருநாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து அம்மாவோடு நானும் நடந்து போனேன். அப்போது ஆறாம் வகுப்பு. முதலாளி வீட்டுக் கூடத்தில் தராசு இருந்தது. கொடுத்த பட்டும் சரிகையும் எவ்வளவு, திரும்பி வந்த புடவை எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அன்று இருபது கிராம் குறைந்தது.

“வூட்ல தார் சுத்தறது யாரு? நீதானே?” என்று கேட்டார் முதலாளி.

அம்மா பதில் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் உதறிக் காட்டினாள். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் வாசலைத் தாண்டும்போது “கை சுத்தம் பத்தாது” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அதே கூடத்தில் ஒரு நீள நோட்டும் இருந்தது. அதில் அப்பா பெயரில் ஐயாயிரம் ரூபாய் கடன். பாட்டியின் வைத்தியத்துக்கு வாங்கியது. அந்தக் கடனுக்காக அக்கா பதினோரு வயதில் பள்ளியை விட்டு, அவர்கள் காட்டிய தறியில் போய் உட்கார்ந்தாள். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் பக்கத்தில் கரை நாடாவைப் போட்டுத் தர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர்தான் அக்கா. வாரத்துக்குக் கொஞ்சம் காசு கைக்கு வரும். கடனின் முதல் அப்படியே நிற்கும். அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. இதை எங்கள் தெருவில் யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. இதற்குப் பெயர் ‘அட்வான்ஸ்’.

பிறகு நான் குற்றவியல் படிக்கப் போனேன். முதல் வகுப்பில் சொல்லித்தந்த வரையறை எளிமையானது: சட்டம் தடைசெய்து, அதற்குத் தண்டனையும் விதித்திருக்கும் செயலே குற்றம். அந்த வரையறையோடு சட்டங்களைத் தேடிப் படித்தேன். பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதற்கு எதிராக 1933-லேயே சட்டம் வந்திருக்கிறது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். வேலைக்கு வைப்பவருக்கு 200 ரூபாய் வரை. 1976-இன் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே இல்லாமலாக்கியது. கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை. அப்படியானால் அன்று அந்தக் கூடத்தில் குற்றம் இருந்தது தராசில் அல்ல, நோட்டில்.

பிறகு ஏன் எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள்? பாடப்புத்தகத்தின் கோட்பாடுகளை நான் இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். இத்தாலியின் லொம்ப்ரோசோ குற்றத்தை உடலில் தேடியவர். மண்டையோட்டையும் தாடையையும் அளந்தவர். 1893-இல் ஃபெரேரோவுடன் சேர்ந்து பெண் குற்றவாளிகளைப் பற்றியும் எழுதினார். பெண் என்பவளே வளர்ச்சியில் ஆணுக்குப் பின்தங்கியவள் என்பது அவர் முடிவு. 1963-இல் அமெரிக்கர் ஹோவர்ட் பெக்கர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: குற்றம் செயலில் மட்டும் இல்லை, அந்தப் பெயரை யார் யார்மீது ஒட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. முத்திரைக் கோட்பாடு என்று இதைச் சொல்வார்கள். ‘கை சுத்தம் பத்தாது’ என்ற மூன்று சொற்கள் அம்மா சாகும்வரை தெருவில் அவள் பின்னால் நடந்தன. நோட்டு வைத்திருந்தவருக்கு அப்படி எந்தப் பெயரும் ஒட்டவில்லை.

மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தொழிலுக்குள்ளேயே செய்யும் குற்றங்களைப் பற்றி 1939-இல் பேசியவர் சதர்லாண்ட். அதைப் பற்றிய அவரது நூல் 1949-இல் வந்தபோது நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பெயர்களோடு முழு நூல் வர 1983 ஆயிற்று. பெரிய இடத்துக் குற்றத்துக்கு, புத்தகத்தில்கூடப் பெயர் கிடைப்பது கடினம்.

இவர்களும் பெண்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. இந்தத் துறை பெண்களை ஒன்று மறந்துவிடுகிறது, இல்லை உடம்பையும் குணத்தையும் வைத்தே விளக்குகிறது என்று கேரல் ஸ்மார்ட் எழுதியது 1976-இல். நம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான்.

சட்டத்துக்கும் ஒரு வாசற்படி உண்டு. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவுப் பட்டறைகளில் 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்குத் தந்தது. காஞ்சிபுரத்தில் தறி இருப்பதே வீட்டுக்குள். யாராவது கேட்டால், உட்கார்ந்திருக்கும் பிள்ளை அண்ணன் மகள் ஆகிவிடும். 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எங்கள் ஊரும் இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பது குடும்ப விஷயம் என்ற சொல் அடிபட்ட பெண்களை மட்டும் மறைக்கவில்லை. தறியில் உட்கார்ந்த பெண்பிள்ளைகளையும் மறைத்தது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த பட்டின் எடையோடு 11 சதவீதம் ஈரத்தைச் சேர்ப்பது அந்தத் தொழிலில் ஏற்றுக்கொண்ட கணக்கு. மழையில் வாங்கிய நூல் வெயில் ஏறியபின் புடவையாகப் போனால் இருபது கிராம் குறைய யாரும் திருட வேண்டியதில்லை. ஆனாலும் அம்மா எடுத்தாளா இல்லையா என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நானும் அந்தக் கூடத்து ஆள் ஆகியிருப்பேன்.

போன பொங்கலுக்கு அக்காவிடம் இந்தச் சட்டங்களைச் சொன்னேன்.

“அப்பாவுக்கு அம்பது ரூபாயா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய் உட்கார்ந்ததால்தான் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“இப்ப போய்ச் சொன்னா யாருடி நம்புவாங்க? அந்த நோட்டு எங்கிட்டயா இருக்குது?”

“நோட்டு உன்கிட்ட இருக்க வேணாம்க்கா. 1976 சட்டத்துல பதினஞ்சாவது பிரிவு இருக்கு. இது கொத்தடிமைக் கடன்னு வேலை செஞ்சவங்க சொன்னாப் போதும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடன் குடுத்தவங்க.”

அக்கா தார் சுற்றுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் ராட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அம்மா எதுக்குடி முந்தானைய ஒதறினா?”

இப்போது நான் வகுப்பெடுக்கிறேன். குற்றத்தின் வரையறையை எழுதும் முன், அக்காவின் கேள்வியைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்.