ஈரம் வெளியேற ஒரு வழி

சியாட்டிலில் மழை அதிகம் என்று சொன்னால் சென்னையில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை, சியாட்டிலில் 100 செ.மீ.யை ஒட்டித்தான் பெய்கிறது. இரண்டு ஊரிலும் நவம்பர்தான் அதிகம் நனையும் மாதம். ஆனால் சென்னையில் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு நகர்ந்தால், மறுநாள் வெயிலில் மொட்டைமாடி காய்ந்துவிடும். இங்கே அக்டோபர் நடுவில் பிடிக்கிற தூறல், குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க விடாமல் வசந்தம் வரை நசநசத்துக்கொண்டே இருக்கும். வருடத்தில் ஏறத்தாழ 150 நாள் மழைநாள். நவம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்குள் சூரியன் போய்விடும். நனைந்தது எப்போது காயும்?

இப்படிப்பட்ட ஊரில் எங்களுக்கு இரண்டு வீடு. ஒன்று, சியாட்டிலுக்குக் கிழக்கே வாஷிங்டன் ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள மர வீடு. இன்னொன்று அதன் பக்கவாட்டில் நிற்கும் டிரெய்லர். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. பலரும் செப்டம்பரோடு டிரெய்லரை மூடி வைத்துவிடுவார்கள். நாங்கள் அக்டோபரில்தான் கிளம்புவோம். கோடையில் இடமே கிடைக்காத முகாம்கள் அப்போது காலியாகிவிடும். ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள சோல் டக் ஆற்றில் கோஹோ சால்மன் மீன்கள் அருவியை எதிர்த்துத் தாவும். இந்த முறை ஊரிலிருந்து அம்மாவும் வந்திருந்தாள்.

கிளம்புவதற்கு முன் வீட்டைக் கவனித்தாக வேண்டும். எங்கள் தெருவில் பெரிய இலை மேப்பிள் மரங்கள். ஓர் இலை 30 செ.மீ. அகலம்கூட இருக்கும், "இதில் டிபனே பரிமாறலாம் போலிருக்கே" என்றாள் அம்மா. அப்படி ஓர் இலை கூரை விளிம்பில் ஓடும் தகரக் கால்வாயின் துளையை அடைத்தால் போதும், தண்ணீர் குழாயில் இறங்காமல் வழிந்து அஸ்திவாரத்தை ஒட்டி விழும். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தரைப்பலகைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி உண்டு. அங்கே ஈரம் தங்கினால் உத்திரம் பூஞ்சை பிடிக்கும், மேலே அறைகளில் வாடை வரும். அதனால் ஏணி போட்டு ஏறி, இலையையும் ஊசியிலைச் சருகையும் கையால் அள்ளிப்போட்டு, குழாய்த் தண்ணீர் விட்டு, அது கீழே வந்து சேருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

கூரையின் வடக்குப் பக்கம் வெயில் படாததால் பச்சைப் பாசி மெத்தைபோல் வளரும். அது ஷிங்கிள் ஓடுகளின் விளிம்பைத் தூக்கி அடியில் தண்ணீரை நிறுத்தும். உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினால் பாசியோடு ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புத் துகளும் போய்விடும் என்பதால், மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் தள்ளவேண்டும். முகட்டில் ஒரு துத்தநாகப் பட்டை அடித்திருக்கிறோம். மழை அதில் பட்டு இறங்கும்போது கரைந்து வரும் துளித் துத்தநாகமே பாசியை மட்டுப்படுத்துகிறது. மழையையே வேலைக்காரனாக்கும் உபாயம் இது.

அடுத்தது டிரெய்லரின் கூரை. மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. விரிப்பு நடுவில் கிழிவது அரிது. தண்ணீர் நுழைவது துளை போட்ட இடங்களில்தான்: காற்றுப்போக்கிச் சுற்று, ஆன்டெனா அடி, ஓர விளக்கு, மூலைப்பட்டை. முழங்காலிட்டு விரல் நுனியால் ஒவ்வொரு ஓரமாகத் தடவிக்கொண்டே போனேன். குளியலறைக் காற்றுப்போக்கியின் மூலையில் பழைய பூச்சு காய்ந்து, தலைமுடி பருமனுக்கு ஒரு வெடிப்பு. நகத்தால் நெம்பினால் சின்னச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. தளர்ந்ததைச் சுரண்டி, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதுப் பூச்சைத் துப்பாக்கிக் குழாயிலிருந்து பிதுக்கினேன். இந்தப் பூச்சுக்குத் தானே பரவி மட்டமாகும் குணம் உண்டு. திருகாணித் தலைகளை மெல்ல மூழ்கடித்து வழவழப்பாகிவிடும். சாதாரண சிலிக்கோனை இங்கே யாரும் பரிந்துரைப்பதில்லை. ரப்பரில் அது நாள்பட நிற்காது. உரிந்த பிறகு அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது.

வேலை முடிந்து கிளம்பினால், முதலில் சியாட்டிலுக்குப் போக ஏரியின் மீது மிதக்கும் பாலத்தைக் கடக்கவேண்டும். ஏரி ஆழமானது, அடியில் சேறு. அதனால் தூண் நடாமல் கான்கிரீட் மிதவைகள்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். அருகருகே இரண்டு பாலம். 1940இல் திறந்த பழைய பாலம், 1990 நவம்பர் 25 அன்று புதுப்பிப்பு வேலையின் நடுவே மூழ்கியது. மிதவைகளின் மூடிகள் சரியாக அடைக்கப்படாமல் இருந்தன. புயல் நாட்களில் மழைநீரும் ஏரி நீரும் உள்ளே இறங்கின. 1993இல் மறுபடி கட்டினார்கள். திரும்பி வரும்போது அதன்மேல்தான் வருவோம்.

சியாட்டிலில் வண்டியோடு படகேறும்போது டிரெய்லரின் எரிவாயு உருளைகளை மூடச் சொல்கிறார்கள். பெயின்பிரிட்ஜ் தீவில் இறங்கி வடக்கே போனால் ஹூட் கால்வாயின் மிதவைப் பாலம். இதன் மேற்குப் பாதியும் 1979 பிப்ரவரி 13 அன்று புயலில் மூழ்கியது. இப்போது காற்று மணிக்கு 40 மைலுக்கு மேல் கால்மணி நேரம் தொடர்ந்து வீசினால், வண்டிகளை நிறுத்திவிட்டு நடுப்பகுதியைத் திறந்துவிடுகிறார்கள். எதிர்த்து நிற்காமல் வழிவிட்டால் பாலத்தின் மேல் பாரம் குறைகிறது.

அங்கிருந்து 101ஆம் நெடுஞ்சாலை ஒலிம்பிக் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை ஒலிம்பிக் மலைகள் மேற்கிலேயே பிழிந்துவிடுவதால், மலை மறைவில் உள்ள ஸ்க்விம் ஊரில் ஆண்டுக்கு 40 செ.மீ.தான் மழை, லாவெண்டர் வயல்களுக்குப் பேர்போன ஊர். நேர்க்கோட்டில் 70 கி.மீ.கூட இல்லாத ஹோ மழைக்காட்டில் 350 செ.மீ. அந்தக் காட்டுக்குப் போகும் ஒரே சாலையையும் 2024 டிசம்பரில் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. அடுத்த மே மாதம்தான் திறந்தார்கள்.

ஹோ காட்டில் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம். மேப்பிள் கிளைகளிலிருந்து பாசி தாடியாகத் தொங்குகிறது. இங்கே பார்க்க வேண்டியது விழுந்த மரங்களை. சாய்ந்த பெருமரத்தின் மேல் வரிசையாகக் கன்றுகள் முளைத்திருக்கும். தரையில் பாசியும் செடியும் இடம் தராததால் விதைகள் அழுகும் மரத்திலேயே வேர் பிடிக்கின்றன. 'தாதி மரம்' என்று பெயர். கன்று வளர்ந்து மரமாகி, அடிமரம் மக்கி மறைந்த பிறகும், வேர்கள் கால் அகற்றி நின்றபடி இருக்கும். அம்மா ஒரு தாதி மரத்தில் விரலால் ஒரு துண்டு கிள்ளினாள். ஊறிய ரொட்டிபோல் கையோடு வந்தது. எங்கள் டிரெய்லரின் சட்டத்துக்கு எது வந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறோமோ, அதேதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை அண்டாது. காட்டுக்கு அந்தப் பூஞ்சை தேவை. காடு தழைப்பதே அதனால்தான். வண்டிக்குள் மட்டும் அதற்கு இடம் கொடுக்க முடியாது.

அன்றிரவு முகாமில் அம்மா இட்லி வைக்கலாம் என்றாள். வேண்டாம், உப்புமா போதும் என்றேன். டிரெய்லருக்குள் ஈரம் மேலிருந்து ஒழுகுவதைவிட நாமே உண்டாக்குவது அதிகம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதோடு இட்லிப் பானையின் ஆவி, மூன்று பேரின் மூச்சு, கதவோரம் தொங்கும் நனைந்த ஜாக்கெட்டுகள். இவ்வளவும் இரவில் குளிர்ந்த கண்ணாடியிலும் மெத்தையின் அடிப்பலகையிலும் போய்த் துளியாக உட்காரும். இதற்கு மருந்து, கேட்கிறவருக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும்: மேலே காற்றுப்போக்கியையும் ஒரு ஜன்னலையும் இரண்டு விரல்கடை திறந்து வைப்பது.

"வெளியே இவ்வளவு மழை கொட்டுது, ஜன்னலைத் திறந்து வைக்கிறியேடா?"

"உள்ளே இருக்கிற ஈரம் போகணும்மா. மேலே மூடி இருக்கு, சாரல் வராது."

"அப்போ குளிருக்கு?"

குளிருக்கு ஹீட்டர் உண்டு. அதன் புகையும் ஈரமும் தனிக் குழாய் வழியே வெளியே போகும். அடுப்பை எரித்துக் குளிர் காய்வது ஈரத்தையும் கூட்டும், உயிருக்கும் ஆபத்து. ஆனால் ஹீட்டர் விசிறி பேட்டரியைத் தின்னும். ஹோவில் மின்இணைப்பு கிடையாது. அடர்ந்த மர நிழலில், அதுவும் மழை மூட்டத்தில், சூரியத் தகடு பெயருக்குத்தான். ஆகவே கம்பளி மேல் கம்பளி போர்த்திக்கொண்டு, ஹீட்டரை விட்டு விட்டு ஓட்டினோம். காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரித்திருந்த காற்றோட்டப் பாய் உலர்ந்திருந்தது.

அடுத்து க்ளேலாக்கில், கடலைப் பார்த்த மேட்டு முகாம். பக்கத்து இடத்தில் நின்ற பழைய டிரெய்லரின் மேல் நீல நிறத் தார்ப்பாயைச் சுருட்டி அகற்றிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். வண்டியை வாங்கிய கையோடு முதல் வேலையாக அதைத்தான் கழற்றுகிறாராம். காற்றில் தார்ப்பாய் உரசி உரசிக் கூரையைத் தேய்க்கும், அடியில் ஈரத்தையும் பூட்டிவைக்கும் என்றார். பிறகு வண்டியின் உள்மூலையில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். சுவர் லேசாக உள்வாங்கியது. "வெளியே பார்த்தால் தெரியாது. நீங்களும் மாதாமாதம் இப்படி அழுத்திப் பாருங்கள்" என்றார். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தச் சொன்னதும் அவர்தான். கூரையில் தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கமாக ஓடிவிடும்.

வீடு திரும்பியதும் டிரெய்லரைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்யும் வேலை. வெந்நீர்க் கலத்தை வடித்து, அதற்குள் எதுவும் போகாதபடி இணைப்பைத் திருப்பிவிட்டு, குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஏற்றவேண்டும். டிரெய்லருக்கென்று விற்பது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ஃபிரிட்ஜ் கதவை இடைவெளி விட்டு நிறுத்தி, மெத்தைகளைச் செங்குத்தாக வைத்து, சிறிய ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டோம். எலி நுழையும் குழாய்த் துளைகளில் இரும்பு நாரைத் திணித்தேன்.

இந்த வேலையெல்லாம் செய்துவிட்டால் மழை நின்றுவிடுவதில்லை. கால்வாய், சாய்வு, காற்றுப்போக்கி, திறந்த ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் தண்ணீருக்குப் போகும் வழி காட்டுவதோடு சரி. வழி இருக்கும்வரை இந்த ஊர் மழையோடு யாரும் குடித்தனம் நடத்தலாம். மே மாதம் வரை மாதம் ஒருமுறை டிரெய்லர் கதவைத் திறந்து, விளக்கைப் போடுவதற்கு முன்பே மூச்சை இழுத்துப் பார்க்கிறோம். பூஞ்சை வாடை அடித்தால் ஏணியை எடுக்கவேண்டும். அடிக்காவிட்டால், கோடைக்கு முகாமில் இடம் பதிவுசெய்ய உட்காரலாம். அதற்கு இப்போதே போட்டி தொடங்கியிருக்கும்.