கொம்பு முதலில்

மாமாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் செஞ்சி கூட்டு ரோட்டில், ஒரு மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. கீழே திருவண்ணாமலை, திண்டிவனம், விழுப்புரம் என்று கண்டக்டர்களின் கூவல். மேலே ரெமிங்டன் மிஷின்களின் தடதடப்பு. லோயர் பரீட்சைக்கு வரும் அக்காமார்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள்: யளனகபக ட்மதாத. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு அங்கே போய், காலியாக இருக்கும் மிஷினில் நானும் அதையே அடிப்பேன். அர்த்தமே இல்லாத அந்த வரி இன்றும் என் விரல்களில் இருக்கிறது.

"கொம்ப மொதல்ல அடிடா, அப்பறந்தான் எழுத்து" என்பார் மாமா. தட்டச்சில் 'செ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அதன் பிறகு 'ச'. கண்ணுக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ, அதே வரிசையில் விரலும் போக வேண்டும்.

நான் ஏழாவது படிக்கும்போது கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. அந்த அறைக்குள் செருப்போடு போக முடியாது. வேலை முடிந்ததும் மானிட்டருக்குத் துண்டு போர்த்த வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் மாமாவுக்குத் தூக்கம் கிடையாது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் திரௌபதி அம்மன் தீமிதி நோட்டீஸ் அடிக்க வருவார்கள். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியைத்தான் திரௌபதி அம்மனின் ஆதி இடமாக எங்கள் பக்கம் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

ஊர்ப் பெரியவர் நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்ததை நான் உரக்கப் படிப்பேன், மாமா அடிப்பார். கொடியேற்றம், பிற்பகல் பாரதச் சொற்பொழிவு, இரவு தெருக்கூத்து. எந்த இரவில் எந்தக் கூத்து என்பது வரிசையாக வரும்: பகாசுரன் வதம், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி நாள் காலை படுகளம், மாலை தீமிதி. எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்பே பாரதக் கதையின் வரிசை எனக்கு இந்த ரோஸ் நிற நோட்டீஸ்களிலிருந்து பாடமாகிவிட்டது. எட்டாவது போனதும் நானே அடிக்க ஆரம்பித்தேன். டிரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸுக்கு நான்தான் சைக்கிளில் கொண்டுபோவேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைப்பதற்குள் வாங்கிய நேரத்தில் பாதி போய்விடும். அங்கே இருந்த அண்ணன் ஒருநாள் 'வியூ சோர்ஸ்' அழுத்திக் காட்டினார். அழகாக இருந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் முழுக்க முழுக்க எழுத்துதான்! நோட்பேடில் அடிக்கக்கூடிய எழுத்து. எனக்கு இரவெல்லாம் அதே நினைப்பு. மாமா கடையிலேயே நோட்பேடைத் திறந்து, தேசிங்கு ராஜாவைப் பற்றி ஒரு பக்கம் செய்தேன். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த சண்டை, தேசிங்கோடு நின்று உயிர்விட்ட நண்பன் மோவுத்துக்காரன், கல்யாண மகால், செட்டிக்குளம், ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பிளவின் குறுக்கே இருக்கும் பாலம், எல்லாவற்றையும் எழுதி 1.44 எம்பி ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

அங்கே பக்கம் திறந்தது. ஆனால் தமிழ் இல்லை. 'செஞ்சி' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளாக என், ஆர், பெரிய க்யூ, அரைப்புள்ளி, ஆர், பி. மாமாவின் கம்ப்யூட்டரில் பாமினி இருந்தது, இங்கே இல்லை. என் ஊரின் பெயர் பாமினி பதிந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் என் ஊரின் பெயராக இருந்தது. நான் இன்று செய்கிற வேலை அந்த மாலையில்தான் ஆரம்பித்தது என்று உறுதியாகச் சொல்வேன். பதில் தேடித்தான் டிஸ்கி, முரசு அஞ்சல், இ-கலப்பை, ஒருங்குறி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தேன். முத்து நெடுமாறன் முதலாகப் பலர் பல ஆண்டுகள் உழைத்துப் போட்ட பாதை அது. அவர்கள் மீது எனக்குத் தீராத நன்றி உண்டு.

ஒருங்குறியில் 'செஞ்சி' எந்தக் கம்ப்யூட்டரிலும் செஞ்சிதான். மூன்று எழுத்து, உள்ளே ஆறு குறிகள், யூடிஎஃப்-8-ல் 18 பைட். ஆனால் மாமா சொல்லிக்கொடுத்த வரிசை அங்கே தலைகீழ். முதலில் 'ச', அதன் பிறகுதான் கொம்பு. ஒருங்குறி சேமிப்பது கண் பார்க்கும் வரிசையை அல்ல, வாய் சொல்லும் வரிசையை.

இப்போது பகலில் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்கிறேன். இரவில் விஎஸ் கோடைத் திறந்து என் சொந்த வேலையைப் பார்க்கிறேன். மாமாவின் பழைய ஃபிளாப்பிகளிலிருந்து நோட்டீஸ்களின் எழுத்தை மட்டும் உருவி ஒருங்குறிக்கு மாற்றும் கருவி அது. கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் போடுவது எளிது. திரௌபதிதான் கடினம். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பகுதியும் 'ள' எழுத்தும் ஒரே விசை. அப்படியே மாற்றினால் அம்மன் 'திரெளபதி' ஆகிவிடுவாள்; இணையத்தில் எங்கு பார்த்தாலும் இந்தப் பிழை இருக்கிறது. கொம்பு, எழுத்து, ள என்று வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கினாலோ, அதே நோட்டீஸில் இருக்கும் வெள்ளிக்கிழமை உடைந்துபோகும். அதனால் 'ள'வுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புள்ளியோ இகரச் சுழியோ வந்தால் அது உண்மையான ள. மற்ற இடத்தில் ஔகாரம். 'வெளங்குதா' போன்ற பேச்சுச் சொற்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது செஞ்சி ஒன்றுதான். கோட்டையைப் பார்த்துக்கொள்ள இனி உலகமே இருக்கிறது. அதன் அடிவாரத்து ஊர்களில் எந்த இரவில் எந்தக் கூத்து ஆடினார்கள் என்பது இந்த ஃபிளாப்பிகளில்தான் இருக்கிறது, அவற்றில் பல ஏற்கெனவே படிக்க முடியாதபடி பூசணம் பிடித்துவிட்டன. சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய், மாற்றியதைப் பெரிய எழுத்தில் போட்டு மாமாவிடம் காட்டுகிறேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எந்த ஊரில் எந்தக் கூத்து வாத்தியாரின் ஜமா ஆடியது என்று சொல்கிறார். அதையும் பக்கத்திலேயே பதிந்துகொள்கிறேன். தீமிதி நோட்டீஸ்கள் முடிந்ததும் கல்யாணப் பத்திரிகைகள். அதில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு முன்னாலும் ஒரு சௌபாக்கியவதி உண்டு.