பிச்சிக்கு ஒரு கிலோ கூடிருச்சு!

எங்க ஊர் நாய்க்கு இந்திய அரசாங்கமே ஸ்டாம்ப் போட்டிருக்கு பாஸ்! 2005-ல் தபால் துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமாலய மேய்ச்சல் நாய்களோடு எங்க ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்ட்டில் 'மனதின் குரல்' பேச்சில் பிரதமர் பேர் சொன்ன நாட்டு நாய்களிலும் நாங்க உண்டு. வெள்ளை வெளேர் உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, ஒட்டின வயிறு... சென்னை கஸின்ஸ் எல்லாம் "ராஜபாளையமாடா? செம கெத்து!" என்பார்கள். கெத்துதான். ஆனால், அந்தக் கெத்து தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வீட்டில் என்னென்ன களேபரம் நடக்கும் என்று எந்த ஸ்டாம்பும் சொல்லாது.

எங்க வீட்டு ராஜபாளையத்தின் பேர் பிச்சி. பிச்சிப்பூ நிறம் என்று அம்மா வைத்த பேர். ஏழு மாதத்தில் அவள் எடை 13 கிலோ 800 கிராம். நாயைத் தனியாகத் தராசில் நிற்க வைக்க முடியுமா என்ன? தெருமுனை பழைய பேப்பர் கடையில், முதலில் நான் மட்டும் ஏறினேன். 58 கிலோ. அப்புறம் பிச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். 71.8. கழித்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிப்பது இதற்குத்தானே!

நாய் மெலிந்தால் தெருவில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுகிறார்கள். "பச்சை முட்டையை உடைச்சு ஊத்து" என்றார் மில் வாட்ச்மேன் தாத்தா. "கால்சியம் டானிக் ரெண்டு மூடி கொடு, கும்முனு ஆயிரும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆச்சிக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான், பால்கோவா. "ஏய்யா, பச்சப்புள்ள மாதிரி இருக்கு. ரெண்டு வாய் ஊட்டி விட்டா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்று வாரம் ஒரு பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்துவிடும்.

அப்பா மட்டும் வேறு மாதிரி பேசினார். "காவலுக்குன்னு வாங்கின நாய். நிக்கவே தெம்பில்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்போம்... இல்லேன்னா பெரியப்பா தோப்புல விட்டுருவோம். அங்க ஓடியாடுனா தானா சாப்பிடும்." பெரியப்பாவின் மாந்தோப்பு அய்யனார் கோயில் போகிற பக்கம், மலையடிவாரம். ராத்திரியில் சிறுத்தை வந்து போகிற இடம். அப்போது தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பிச்சியைப் பார்த்த பார்வையே வித்தியாசமாக இருந்தது. முதலில் விலாவைத் தடவினார். "இந்த ஜாதி ஓடுறதுக்குன்னே வந்தது தம்பி. வயிறு உள்ள போயிருக்கிறதும், கடைசி ரெண்டு விலா எலும்பு தெரியறதும் சகஜம். அதை லாப்ரடார் மாதிரி ஆக்கிட்டீங்கன்னா மூட்டு போயிரும்." அப்புறம் முதுகில் கை வைத்தார். முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சாகத் தட்டுப்பட்டது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தொடையில் சதையே இல்லை. "இதுதான் சரியில்லை" என்றார். நாயின் உடல்வாகுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போடுகிற ஒரு கணக்கு இருக்கிறதாம். நாலு, அஞ்சு என்றால் சூப்பர். பிச்சி எடுத்தது இரண்டரை. என்னோட இன்டர்னல் மார்க் ஞாபகம் வந்தது, அதை விடுங்க.

உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெளுத்துப்போய் இருந்தது. ராஜபாளையத்துக்கு மூக்கு எப்போதும் ரோஸ்தான், அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஈறுதான் பேசும். மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு முட்டை. குடல் சுவரில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற பார்ட்டி. நாம் போடுகிற சோற்றை விடுங்கள், நாய்க்கு ரத்தமே நிற்காது. உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை, இல்லை. நம்ம ஊர் உண்ணிக்கு நாயை மாதக்கணக்கில் உருக்கிவிடுகிற சக்தி உண்டு என்பதால் அதைப் பார்க்காமல் விடக் கூடாதாம். எடைக்கு ஏற்ற அளவில் பூச்சி மருந்து, மூணு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. வாசல் ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்காதே என்று எனக்கும் ஒரு அட்வைஸ். அந்தப் புழுவின் குஞ்சு நம்ம காலிலும் ஏறுமாம். அன்றிலிருந்து அம்மா கோலம் போடுவதே செருப்புக் காலோடுதான்.

இனி சாப்பாடு. இதில்தான் எனக்கு சுவாரஸ்யமான ஒரு விஷயம் பிடிபட்டது. "அந்தக் காலத்துல கம்பங்கஞ்சியும் கேப்பைக் கூழும் ஊத்துனோம்... குதிரை மாதிரி ஓடுச்சுக" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. எங்க மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கஞ்சியில் வளர்ந்த வேட்டை நாய்கள்தான். ஆனால், கஞ்சியோடு முயலும் இருந்தது! வேட்டைக்குப் போகிற நாய்க்குப் பங்கு கிடைத்திருக்கும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம், அது நியாயமும்கூட. முயல் போய்விட்டது, கஞ்சி மட்டும் தட்டில் நிற்கிறது. வெறும் கஞ்சியில் வேட்டை நாய் எப்படித் தேறும்?

டாக்டர் ஒரு சூத்திரம் சொன்னார். நாயின் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி. பிச்சிக்கு சுமார் 501. வளருகிற குட்டி என்பதால் அதைப்போல் ரெண்டு மடங்கு, கிட்டத்தட்ட ஆயிரம். நாங்கள் ஊற்றிய கஞ்சியையும் பாலையும் கிச்சன் தராசில் நிறுத்துக் கணக்குப் போட்டால், அவள் மிச்சம் வைக்காமல் குடித்தால்கூட ஐந்நூற்றைம்பதைத் தாண்டவில்லை. தெர்மோடைனமிக்ஸ் லெக்சரில் தூங்குகிறவனுக்குக்கூட இந்தக் கணக்கு புரியும்.

புது மெனு இதுதான். ஒரு நாளைக்கு 300 கிராம் குழைந்த சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி 200 கிராம், ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் தயிர், பூசணி அல்லது கேரட், ரெண்டு டீஸ்பூன் எண்ணெய். மூணு வேளையாகப் பிரித்து. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 40 கலோரி இருக்கிறது. சின்ன வயிற்றில் அதிகம் திணிக்க முடியாதபோது இதுதான் கை கொடுக்கும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும் என்று பத்து நாளில் மெதுவாக மாற்றினோம். வாரத்தில் ரெண்டு நாள் துளி ஈரல். வீட்டுச் சாப்பாட்டில் தாது உப்புகள் குறையும் என்பதால் டாக்டர் எழுதிக்கொடுத்த பொடி, அவர் சொன்ன அளவில் மட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் கால்சியம் டானிக் கட்! வளருகிற பெரிய ஜாதி நாய்க்குக் கால்சியம் ஓவரானால் எலும்புதான் கோணும். மிச்சக் குழம்பைச் சோற்றில் பிசைந்து போடுவதும் கட். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். கோழிக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது. இந்தப் பத்திரிகை எனக்குத் தருகிற சன்மானம் எங்கே போகிறது என்று எடிட்டர் சார் தெரிஞ்சுக்கணும்.

சமைத்தாயிற்று. அவள் சாப்பிடணுமே? ஒரு வாய், அப்புறம் நகர்ந்து போய் ஆச்சியின் மடியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். சோறு வேண்டாம் என்றால் பிஸ்கட் வரும், பிஸ்கட் வேண்டாம் என்றால் பால்கோவா வரும்... பிச்சி எங்களுக்கு நல்லாவே ட்ரெய்னிங் கொடுத்து வைத்திருந்தாள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா, சும்மாவா! ஆனால், பால் குடி மறந்த நாய்க்குப் பாலில் இருக்கிற சர்க்கரை சரியாக ஜீரணமாகாது, அதற்கு மேல் நாம் கொட்டுகிற சீனி வேறு. தட்டு இருபது நிமிஷம் இருக்கும், சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுவோம், அடுத்த வேளை வரை யாரும் எதுவும் நீட்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஆச்சியிடம் இதைச் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனேன். "பட்டினி போட்டா வளர்க்கிற?" என்று ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் போன் பண்ணி, "கோழிய நல்லா வேக வையி" என்றது.

அப்படியும் பாதித் தட்டில் திடுக்கிட்டுத் துள்ளி ஓடுவாள். யாராவது பின்னால் வந்தால் போதும். 'பயந்தாங்கொள்ளி' என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தாள். குக்கர் மூணு விசில். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்... காது அசையவே இல்லை. தரை அதிராமல், காற்று படாமல் பின்னால் நின்று கை தட்டினேன். ம்ஹூம். முன்னால் போய்க் கை அசைத்தேன், வாலாட்டினாள்.

டாக்டரும் அதைத்தான் சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதுக்கும் வேண்டும். சுத்த வெள்ளை நாய்களில் சிலதுக்கு அது அங்கே இல்லாமல் போய், பிறந்து சில வாரத்திலேயே கேட்கும் சக்தி போய்விடும். நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனம் சேர்க்கிறதால் எங்க ஊர் நாய்களில் இது இருக்கிறது. உறுதியாகச் சொல்ல மூளை அலையைப் பார்க்கிற டெஸ்ட் எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியும். இவளுக்குக் குட்டி எடுக்க வேண்டாம் என்றார். எங்க ஊர் பெருமையில் இந்த ஒரு பக்கத்தை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. குட்டி வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிற நேரத்தில் பின்னால் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்க்கலாம்.

இதை அப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு உதறல். காவலுக்கு வாங்கின நாய்க்குக் காது கேட்காது! எலும்பும் தோலுமாக வேறு இருக்கிறது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சிறுத்தை வந்தாலும் தெரியாதுல்ல?" என்றார். "தெரியாதுப்பா." "அப்புறம் என்ன, தோப்புப் பேச்சை விடு."

தட்டைப் பின்கட்டு மூலைக்கு மாற்றினோம். முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் வருகிற ஆள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதல் வாரமே திடுக்கிடுவது பாதியாகக் குறைந்தது. பேப்பர் கடைத் தராசில் முதல் ரெண்டு ஞாயிறும் முள் நகரவே இல்லை, கடைக்காரருக்கு என்மேல் பரிதாபமே வந்துவிட்டது. மூணாவது வாரம் 300 கிராம். தீபாவளிக்கு முந்தின நாள் 14 கிலோ 800. சரியாக ஒரு கிலோ! வெடிச் சத்தத்துக்குத் தெருநாய் எல்லாம் கட்டிலுக்கடியில் புகுந்த அன்றைக்கு, பிச்சி மட்டும் மூலையில் நின்று நிதானமாகத் தட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது பதினோரு மாதம், 19 கிலோ 200 கிராம். ஈறு நல்ல ரோஸ், தொடையில் சதை, முதுகு முடிச்சு கையில் தட்டுப்படவில்லை. கடைசி ரெண்டு விலா எலும்பு இன்னமும் தெரியும். "சோறு போடுறீங்களா இல்லையா?" என்று விருந்தாளிகள் கேட்டால், அதற்குப் பதில் சொல்கிற டிபார்ட்மென்ட் இப்போ அப்பாவுடையது. ராத்திரிச் சாப்பாடும் அவர்தான் வைக்கிறார். கூப்பிட்டால் கேட்காது என்பதால் பின்கட்டு லைட்டை ரெண்டு தடவை போட்டுப் போட்டு அணைப்பார், எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். கரன்ட் போன அன்றைக்கு மட்டும் அப்பா செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு மாடிப்படியில் நிற்பார்.