பங்களா உங்களுது... கிழங்கு யாருது?

கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆகி, நாலு காசு சேர்ந்ததும் ஏற்காட்டுல பழைய எஸ்டேட் பங்களா வாங்கணும்னு கனவா பாஸ்? தப்பே இல்லை. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்னும் இந்த மலையில மயங்கித்தான் காபிச் செடி நட்டார்.

பத்திரம், வில்லங்கமெல்லாம் வக்கீல் பார்த்துப்பார். ஆனா, தோட்டத்துல எதைத் திங்கலாம், எது ஆளைக் கவுக்கும்னு சொல்றது யார்? தலைமுறை தலைமுறையா அங்கே வாழற மலையாளி பழங்குடி மக்கள்தான். (கேரளான்னு நினைச்சுடாதீங்க, பேசறது தமிழ்!)

பாறையில ஆட்டுக்கால் கணக்கா, ரோமத்தோட ஒண்ணு ஒட்டிட்டிருக்கும். அதான் முடவாட்டுக்கால். கிழங்குன்னு சொன்னாலும், அது ஒரு பெரணியோட தண்டு. ரோமத்தைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு சூப் வெச்சா... அடடா! மூட்டுவலிக்கு நல்லதுன்னு மலைக்காரங்க சொல்வாங்க. நமக்கு ருசி போதும்.

மொத்தமா மட்டும் பேர்த்துடாதீங்க. ஒரு துண்டாவது பாறையிலேயே இருந்தாத்தான் திரும்பத் துளிர்க்கும். டூரிஸ்ட்டுங்களுக்காக ரோட்டோரம் கூறு கட்டி வித்தே பாதிப் பாறை மொட்டையாகிடும்போல! வேலிக்கு அந்தாண்டை காப்புக்காடுன்னா, அங்கே கையே வைக்கக் கூடாது.

அப்புறம், மழை விட்டதும் முளைக்கிற காளான்... பக்கத்து ஊர்ப் பாட்டிகிட்ட காட்டாம சட்டியில போட்டுடாதீங்க!