யாரோ எழுதியது

'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் உலாவரும் கட்டுரைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். படித்தவருக்குப் பிடித்திருக்கிறது; மகிழ்ச்சி. எழுதியவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. சற்றுக் கூச்சமுள்ளவர்கள் 'யாரோ எழுதியது' என்று அடியில் ஒரு வரி சேர்ப்பார்கள். என்னுடைய பத்தி எழுத்துகள் சில இவ்வாறு 'யாரோ'வின் எழுத்தாக எனக்கே திரும்பி வந்திருக்கின்றன. ஒன்றை, "நீங்கள் அவசியம் படிக்க வேண்டும்" என்ற குறிப்போடு நண்பரொருவர் அனுப்பியிருந்தார்!

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்திருப்பதைக் காட்டியது, தரம் 10 இல் படிக்கும் மகனின் ஒப்படை. பொருள், யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 இல் அது எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும் சொல்லும் பகுதி மிக நேர்த்தியாக அமைந்திருந்தது. அந்த நடை பதினைந்து வயதுப் பையனுடையதல்ல. இணையக் கட்டுரையொன்றை அப்படியே இறக்கி, எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை இட்டிருந்தான். முழுப் புள்ளியும் கிடைத்திருந்தது.

கேட்டேன். "இணையத்தில் கிடப்பது எல்லாருக்கும் பொதுதானே அப்பா? நீங்களும் மற்றவர்கள் சொன்னதைத்தானே செய்தியாக எழுதுகிறீர்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை. நூலகம் எரிந்தது என்ற உண்மை எவருக்கும் தனிச்சொத்தல்ல. ஆனால், அந்த உண்மையை ஒருவர் எழுதிய விதம் அவருடையது. அதற்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டியதில்லை. அவர் வாழும் காலமும், மறைந்தபின் எழுபது ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கிறது. வெளியிடும் உரிமையை விற்றுவிட்டாலும், தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டுமெனக் கோரும் உரிமை ஆக்கியோனிடமே இருக்கிறது.

சட்டம் பேசினால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். ஆகவே குறுந்தொகையைச் சொன்னேன். அதிலுள்ள சில பாடல்களை இயற்றியவர் பெயர் தெரியாதபோது, பாடலில் வரும் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினார்கள். பெயர் தெரியாத இடத்திலும் பெயர் படைத்தவர்கள் நம் முன்னோர். நாமோ தெரிந்த பெயரையே வெட்டி எறிகிறோம்.

நகலெடுப்பதே குற்றமென்று அவன் விளங்கிக்கொள்வதையும் நான் விரும்பவில்லை. எரிந்த நூலகத்தின் கதையே அதற்கு எதிரான சாட்சி. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகள் தீயோடு போய்விட்டன. வேறிடத்திற் பிரதி இருந்தவை தப்பின. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேர்த்ததும் நகலெடுத்தல்தான். ஆனால், அங்கே நூலோடு ஆசிரியர் பெயரும் காப்பாற்றப்படுகிறது.

"அப்படியென்றால் ரீச்சரிடம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டான். இதுதான் கடினமான இடம். "வகுப்பில் பிள்ளையைத் தலைகுனிய வைக்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் மனைவி. அதுவும் பொய்யல்ல. அவனை இழுத்துச் சென்று சொல்லவைத்தால் அது என் நேர்மையாகுமே தவிர, அவனுடையதாகாது. எனவே, "நீயே யோசி" என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாட்களின் பின், கட்டுரையாளரின் பெயரையும் கட்டுரை வந்த இடத்தையும் எழுதி ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறான். புள்ளி குறைக்கப்பட்டது. அவனைப் போலவே செய்த மற்றவர்களின் புள்ளி அப்படியே இருந்தது. அன்றிரவு அவன் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. "உண்மை சொன்னவனுக்கு மட்டும் தண்டனையா?" என்று தாயிடம் கேட்டானாம். அந்தக் கேள்விக்கு என்னிடமும் சட்டமில்லை, குறுந்தொகையுமில்லை.

அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு இதுவொன்றும் தெரியப்போவதில்லை. எனினும், முகமறியாத ஒருவருக்குச் சேர வேண்டியதை, அவர் கேளாமலே, தனக்கு நட்டம் வருமென்று அறிந்தும் ஒரு பிள்ளை கொடுத்திருக்கிறான். இதற்குப் புள்ளியிடும் பாடம் எந்தப் பாடசாலையிலும் இல்லை. பெற்றோராகிய நாம்தான் இட வேண்டும்.