மடியில் ஏறிய ஓணான்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நம்மவர் சொல்வதுண்டு. வேண்டாத தொல்லையை வலியச் சென்று வரவழைத்துக் கொள்பவனைக் குறிக்கும் பழமொழி அது. இப்பழமொழியை ஓணானின் பக்கம் நின்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. தன் போக்கில் போன உயிரைப் பிடித்து மடியில் விட்டவன் மனிதன். விட்டுக்கொண்டபின் அவ்வுயிர் நோயுற்றால், அதைப் பேணும் பொறுப்பு யாருடையது?

தெலுக் இந்தானில் வாழும் முதியவர் ஒருவருக்கு இந்தக் கேள்வி எழுபது வயதை எட்டிய பிறகே எழுந்தது.

அவர் பிறந்து வளர்ந்தது நகருக்கு அப்பாலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்நாளில் ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். 1982ஆம் ஆண்டிலேயே அது தெலுக் இந்தான் ஆயிற்று. லயத்து வீடுகளின் பின்வேலியில் ஓணானைக் கண்டால் சிறுவர்களின் கை சும்மா இராது. இராமபிரான் தாகத்தால் வாடியபோது அணில் இளநீர் தந்தது, ஓணானோ சிறுநீர் தந்தது என்றொரு கட்டுக்கதை அவர்களுக்குக் கைகொடுத்தது. கல்லெறிவது பாவமன்று, புண்ணியம் என்றே நம்பினார்கள். உடும்பு அகப்பட்டால் அது குழம்புச் சட்டிக்குப் போயிற்று. அதன் கொழுப்பு மூட்டுவலிக்கு மருந்தாயிற்று. சுவரிலிருந்த பல்லிக்கு மட்டும் ஓரளவு மரியாதை இருந்தது. சங்கப் பாடல்களிலேயே பல்லியின் குரல் நிமித்தமாகக் கொள்ளப்பட்டது அன்றோ? காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குவோர் இன்றும் உளர். வணங்குவது, அடிப்பது, உண்பது ஆகிய மூன்றையும் அறிந்திருந்த அத்தோட்டத்து மக்கள், இவ்வினத்து உயிர் ஒன்றுக்கு மருத்துவம் செய்வதை மட்டும் கேள்விப்பட்டதில்லை.

அப்படி வளர்ந்தவரின் வீட்டுக்குப் பேரன் ஒரு பச்சை இகுவானாக் குட்டியைக் கொண்டுவந்தான். நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் அதன் தாயகம். நன்கு வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடியைத் தாண்டும்; முறையாகப் பேணினால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கடையில் வாங்கியபோதோ அது கையளவே இருந்தது. பையன் அதற்குக் கண்ணாடித் தொட்டி வாங்கினான். குளிர்சாதனம் ஓடும் தன் அறையிலேயே சன்னலோரம் வைத்தான். தான் உண்ட சோற்றிலும் ரொட்டியிலும் பங்கு கொடுத்தான். அவன் அன்பில் குறையொன்றும் இல்லை.

ஓராண்டு சென்றது. குட்டியின் பின்னங்கால்கள் தடித்தன. நன்றாகக் கொழுத்துவிட்டது என்று பையன் மகிழ்ந்தான். பின்னர் விரல்கள் நடுங்கத் தொடங்கின. கிளையைப் பற்றி ஏற இயலாமல் வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. தாடை வீங்கி, தொட்டால் மெழுகுபோல் குழைந்தது. ஒரு மாலையில் அது தலையைத் தூக்கவே இல்லை.

"தாத்தா, இதுக்கு வலிக்குமா?" என்று கேட்டான் பையன்.

"காலையில் பார்த்துக்கொள்ளலாம் ராசா" என்று சொல்ல முதியவர் வாயெடுத்தார். அச்சொல் பாதியில் நின்றது.

அது அவர் முன்பே கேட்ட சொல். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது தங்கைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிரசர் மருந்துத் தண்ணீர் கொடுத்தார். அவரால் இயன்றது அவ்வளவே. நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் பெரியவர்கள். காலையில் பார்ப்பதற்கு அவள் இல்லை. ஒரு பிள்ளையின் உயிரும் ஓணானின் உயிரும் ஒன்றாகிவிடுமா என்றால், முதியவர் அப்படி ஒப்பிடவில்லை. கேட்பவன் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைத் தம் வாயால் சொல்ல அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலையே இருவரும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்றனர். அவர் நேர்மையானவர். "நாயும் பூனையும் பார்ப்பேன். ஊர்வனவற்றை நான் கற்றுத் தேர்ந்தவனல்லன். அறியாமல் ஊசி போட்டால் இது தாங்காது. ஈப்போவில் இவற்றைப் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்" என்றார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த மருத்துவர் கிடைப்பதும் ஒரு பேறே.

இந்நிலைக்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் விலங்கு மருத்துவம் மாட்டையும் பன்றியையும் கோழியையும் சுற்றியே வளர்ந்தது. ஈப்போவில் 1948இல் நிறுவப்பெற்ற கால்நடை ஆய்வு நிலையத்தின் பணி பண்ணை விலங்குகளின் நோய்களையே முதன்மையாகக் கொண்டது. அதன் தேவையை எவரும் மறுக்க இயலாது; 1998இல் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டிய நிப்பா நோய் நூற்றுக்கு மேற்பட்ட மனித உயிர்களைக் கொண்டுபோயிற்று. செர்டாங்கில் அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் புலம் தோன்றியது 1972இல்தான். உண்ணப்படாத, உழைக்காத, வீட்டைக் காவாத ஒரு பல்லியினத்துக்கு மருத்துவர் தேடுவது அண்மைக் காலத்து வழக்கம். ஆகவே, ஊர்வனவற்றைப் பார்ப்பீர்களா என்று முதலில் கேட்டறிந்த பின்னரே பயணம் புறப்பட வேண்டும்.

மறுநாள் விடியலில் புறப்பட்டார்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து அதைக் கிடத்தினான் பையன். அண்டை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஓணானுக்கா வைத்தியம்? அந்தக் காசுக்கு நாலு கோழி வாங்கலாமே அண்ணே!" என்று சிரித்தார். முதியவரும் சிரித்தார், ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

ஈப்போ மருத்துவர் முதலில் மருந்தைத் தொடவில்லை. கேள்விகளையே தொடுத்தார். என்ன உண்கிறது? எங்கே வாழ்கிறது? அறையில் எவ்வளவு வெப்பம்? நேர்வெயில் படுகிறதா? ஒவ்வொரு விடைக்கும் பையனின் தலை சற்றே தாழ்ந்தது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் காட்டினார். எலும்பு வெண்மையாகத் தெரிய வேண்டிய இடத்தில் மங்கிய நிழலே தெரிந்தது. கால் தடித்தது கொழுப்பினாலன்று. உரம் இழந்த எலும்பைத் தாங்க உடல் நார்த்திசுவைச் சுற்றிக் கட்டியிருந்தது.

காரணத்தை அவர் எளிமையாக விளக்கினார். இகுவானா தழை தின்னும் உயிர். அதன் உணவில் எரியச் சத்தைப் போல் இரு மடங்கு சுண்ணாம்புச் சத்து இருத்தல் நலம். சோற்றிலும் ரொட்டியிலும் அவ்வளவு மாறிப்போகிறது. உண்ட சுண்ணாம்பும் உடலில் சேர வேண்டுமானால் டி வைட்டமின் வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். குளிர்ந்த அறையில் செரிமானமும் மந்தமாகும், ஏனெனில் தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தை ஊர்வன வெளியிலிருந்தே பெறுகின்றன. இரத்தத்திற்குச் சுண்ணாம்பு போதாதபோது உடல் தன் எலும்பையே கரைத்துக் கடன் வாங்குகிறது.

இந்நோய் மனிதர்க்கும் புதியதன்று. ஐரோப்பிய நகரங்களின் இருண்ட சந்துகளில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளின் கால்கள் இவ்வாறே வளைந்தன. 1919ஆம் ஆண்டு பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், புற ஊதா விளக்கின் ஒளியில் அத்தகைய பிள்ளைகளை வைத்து, எலும்பு உரம் பெறுவதைப் படமெடுத்து மெய்ப்பித்தார். இன்று பல்லிக் கூண்டுகளில் எரியும் விளக்குக்குப் பின்னே அக்குழந்தைகளின் வரலாறு இருக்கிறது.

மருத்துவர் சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கொடுத்து, துளியளவும் மிகக் கூடாது என்று எச்சரித்தார். மற்றவை எல்லாம் வாழ்க்கை முறை பற்றியவை. வெயில் காயும் மூலையில் 35 பாகை வெப்பமும், விலகி இளைப்பாற நிழலும் வேண்டும். காலை வெயிலில் கம்பி வலைக் கூண்டில் வைக்கலாம். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் உள்ளே வெந்து மடியும். புற ஊதா விளக்கு கண்ணுக்கு ஒளி தந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் குறைந்துபோகும். ஆகவே ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். எலும்பு இறுகும்வரை கையில் தூக்கி விளையாடக் கூடாது. தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும், சிறு பிள்ளைகளுக்கு அது கேடு.

"தழை என்றால் எந்தத் தழை டாக்டர்?" என்றார் முதியவர்.

மருத்துவர் அடுக்கினார்: முருங்கைக் கீரை, பப்பாளி இலை, செம்பருத்தி இலையும் பூவும், பூசணிக்காய். பசலையைக் குறைக்க வேண்டும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைச் சேரவிடாது. எதையும் நாளும் ஒன்றாகப் போடாமல் மாற்றிக் கொடுப்பது நல்லது.

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. வேலியே செம்பருத்தி. மருந்து பின்வாசலில் இருக்க, நோய் முன்னறையில் வளர்ந்திருக்கிறது.

திரும்பும் வழியில் நகரின் சாய்ந்த கோபுரம் தெரிந்தது. 1885இல் எழுப்பப்பெற்ற அக்கோபுரத்தைப் பார்க்க வருவோர் அதன் சாய்வை வியப்பர். செங்கல்லில் குற்றமில்லை, மேலே நீரின் பாரமும் கீழே இளகிய மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்தன. "நம்ம பிள்ளையும் அப்படித்தான். காலில் நோயில்லை; அது நின்ற இடத்தில் நோய்" என்றார் பேரனிடம். அவ்வுயிரை நம்ம பிள்ளை என்று அவர் சொன்னது அதுவே முதல் முறை. பையன் அதைக் கவனித்தான், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து விரல்களின் நடுக்கம் நின்றது. பிறகு கிளையைப் பற்றியது. தாடை முழுதும் நேராகவில்லை. இனி ஆகவும் ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அறியாமையின் தழும்பு சில வேளைகளில் நோய் போன பின்னும் நிற்கும்.

அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனிடம் அன்பு நிறையவே இருந்தது; அதனாலேயே அவ்வுயிர் சாகக் கிடந்தது. தனக்கு இனியது அதற்கும் இனியது என்று அவன் எண்ணினான். அதற்கு எது வேண்டும் என்று கேட்டறிவதே அன்பின் கடமை. வாங்குமுன் கேட்பது இன்னும் நன்று: எவ்வளவு வளரும், என்ன உண்ணும், நோயுற்றால் பார்ப்பவர் யார், வனவிலங்குத் துறையின் உரிமம் தேவையா என்பன எல்லாம் கடைவாசலிலேயே கேட்கத்தக்கவை.

இப்போது நாள்தோறும் காலையில் முதியவர் தொரட்டியெடுத்து முருங்கைக் கொம்பை வளைக்கிறார். ஒரு பிடி குழம்புக்கு, ஒரு பிடி கூண்டுக்கு. ஒரு நாள் வேலியில் நாட்டு ஓணான் ஒன்று தலையாட்டி நின்றது. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, அது அஞ்சி ஓடாதபடி சற்று விலகி நின்று கீரையைப் பறித்தார்.